எமிலி டிக்கின்சன் ஹிக்கின்சனுக்கு எழுதிய கடிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆமர்ஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சன் (1830–1886), எழுத்தாளர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்கு (1823–1911) 1862 ஏப்ரலில் முதல் கடிதம் எழுதினார். கடைசிக் கடிதம் 1886 மே மாதத் தொடக்கத்தில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்னர் எழுதியது. எமிலி அவருக்கு எழுதியவற்றில் ஏறத்தாழ 70 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றோடு 100 கவிதைகள் வரை அனுப்பியிருக்கிறார். இந்தக் கடிதங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கினேன். இரண்டு மூன்று கடிதங்களிலேயே திணறிவிட்டது. எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது?

1862இல் எழுதிய முதல் ஐந்து கடிதங்களை ஒரே மூச்சில் படியுங்கள். ஏப்ரல் 15, ஏப்ரல் 25, ஜூன் 7, பிறகு ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. தாமஸ் ஜான்சனின் 1958 கடிதப் பதிப்பில் இவற்றின் எண்கள் 260, 261, 265, 268, 271.

அதற்கு முன்பு ஒரு பின்னணி தெரிய வேண்டும். ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழின் 1862 ஏப்ரல் வெளியீட்டில், புதிதாக எழுத வருபவர்களுக்கு அறிவுரை சொல்லும் நீண்ட கட்டுரை ஒன்றை ஹிக்கின்சன் எழுதியிருந்தார். நல்ல பேனா, கறுப்பு மை, வெள்ளைத் தாள் என்று கைப்பிரதி தயாரிப்பதில் தொடங்கி, நடையில் உயிர் ஏற்றுங்கள் என்பதுவரை அதில் உண்டு. எமிலியின் முதல் கடிதம் நேரே அந்த இடத்தைத்தான் தொடுகிறது: என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல உங்களுக்கு நேரம் இருக்குமா? கட்டுரையை அறியாதவருக்கு இது ஒரு விசித்திரப் பெண்ணின் விசித்திரக் கேள்வியாகத் தெரியும். அறிந்தவருக்கு, கட்டுரையாசிரியரின் சொல்லையே எடுத்து அவரிடம் திருப்பிக் கேட்கும் கூர்மை தெரியும்.

திணறலுக்கு முக்கியக் காரணம், கடிதத்தைக் கவிதையிலிருந்து பிரித்துப் படிப்பது. பதிப்புகளில் கவிதைகள் பெரும்பாலும் அடிக்குறிப்பில் முதல் வரியாக மட்டுமே நிற்கும். கண் தாண்டிப் போய்விடும். எமிலியைப் பொறுத்தவரை உறைக்குள் இருந்த எல்லாம் சேர்ந்துதான் கடிதம். முதல் உறையில் நான்கு கவிதைகள், இரண்டாவதில் மூன்று, ஜூன் கடிதத்தின் உடலுக்குள்ளேயே ஒன்று, ஜூலையில் நான்கு, ஆகஸ்டில் இரண்டு. ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அதனோடு போன கவிதைகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆகஸ்ட் கடிதம் சான்று. எமிலியின் நடை வெட்டி வெட்டி இழுப்பதாகவும் கட்டுக்கு அடங்காததாகவும் ஹிக்கின்சன் குறை சொல்லியிருந்தார். ஆகஸ்ட் உறையில் போன இரண்டு கவிதைகளில் ஒன்று, நுனிக்காலில் ஆட எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்று தொடங்குகிறது. ஆனாலும் உள்ளுக்குள் ஆடும் ஆட்டத்துக்கு அரங்கு நிரம்பி வழிகிறது என்று முடிகிறது. கடிதத்தில் பணிவு, கவிதையில் மறுமொழி. கவிதையை விட்டுவிட்டால் பாதி உரையாடல் போய்விடும்.

இந்த ஐந்துக்குப் பிறகு 1864 ஜூன், 1866இன் இரு சிறு கடிதங்கள், 1869 ஜூன், தந்தை இறந்தபின் எழுதிய 1874 ஜூலை என்று போகலாம். 1876, 1877 ஆண்டுக் கடிதங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை மிகவும் செறிவானவை, முன்னவை பழகியவர்களுக்கே பிடிபடும்.

கேள்வி: ஹிக்கின்சன் எழுதிய பதில்கள் புத்தகத்தில் இல்லையே? ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன புரியும்?

எமிலி இறந்ததும், தமக்கு வந்த கடிதங்களை அவர் விருப்பப்படி தங்கை லவீனியா எரித்துவிட்டார். ஹிக்கின்சன் எழுதியவற்றில் தப்பியவை மிகச் சில. ஆனாலும் அவர் என்ன கேட்டார், எதைப் பாராட்டினார், எதைக் கண்டித்தார் என்பதில் பெரும்பகுதியை எமிலியின் கடிதங்களிலிருந்தே மீட்டெடுக்க முடியும். ஒரு தாளை நெடுக்காக மடித்து இரண்டு பத்தியாக்கிக்கொள்ளுங்கள். இடப்புறம் எமிலியின் வரி, வலப்புறம் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பது.

ஏப்ரல் 25 கடிதத்தில் செய்து பாருங்கள். ‘அறுவைக்கு நன்றி, நினைத்த அளவு வலிக்கவில்லை’: அனுப்பிய கவிதைகளில் அவர் திருத்தம் சொல்லியிருக்கிறார். என் வயதைக் கேட்டீர்கள் என்று தொடங்கும் இடம் அடுத்தது. பிறகு என்ன நூல்கள் படிக்கிறீர்கள் என்ற கேள்வி. பதிலாகக் கீட்ஸ், பிரௌனிங் தம்பதியர், உரைநடையில் ரஸ்கின், சர் தாமஸ் பிரௌன், விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷம். தோழமை யாரோடு என்ற கேள்விக்குக் குன்றுகள், அந்தி, தன் அளவுக்கு வளர்ந்த ஒரு நாய். அமெரிக்கக் கவிஞர் விட்மனைப் படித்ததுண்டா என்றும் கேட்டிருக்கிறார். படித்ததில்லை, அவர் கேவலமானவர் என்று சொன்னார்கள் என்கிறார் எமிலி. ஹாரியட் பிரெஸ்காட் எழுதிய சிறுகதை ஒன்றைப் பற்றியும் பேச்சு வந்திருக்கிறது. அது இருட்டில் பின்தொடர்ந்து வந்ததால் அந்த எழுத்தாளரையே தவிர்த்துவிட்டாராம். ஒரே கடிதத்திலிருந்து ஹிக்கின்சனின் முதல் பதிலுக்கு முழுச் சட்டகம் கிடைத்துவிடுகிறது.

ஜூன் 7 கடிதத்தில் இன்னொரு வழி திறக்கும். அங்கே எமிலி மேற்கோள் குறிக்குள் வைக்கும் ‘வெட்டி வெட்டி இழுப்பது’, ‘கட்டுக்கு அடங்காதது’ போன்ற சொற்கள் ஹிக்கின்சனின் சொற்கள். ஆனால் எச்சரிக்கை தேவை: இந்தச் சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஹிக்கின்சன் திட்டிக்கொண்டே இருந்தவராகத் தோன்றுவார். அதே கடிதம் தொடங்குவது எப்படி? உங்கள் கடிதம் எனக்குப் போதை தரவில்லை, ஏனென்றால் நான் முன்பே ரம் சுவைத்தவள். ஆனாலும் உங்கள் கருத்தைப்போல ஆழ்ந்த இன்பங்கள் எனக்குச் சிலவே வாய்த்தன, நன்றி சொல்ல முயன்றால் கண்ணீர் நாவை அடைக்கும் என்று. அப்படியானால் ஹிக்கின்சனின் இரண்டாம் கடிதம் பெரிதும் பாராட்டுக் கடிதம். இந்தத் தொடக்க வரிகளை விட்டுவிட்டுக் கண்டனச் சொற்களை மட்டும் எடுத்தாளும் கட்டுரைகள் நிறைய உண்டு. கவனமாக இருங்கள்.

கேள்வி: இந்தக் குளிர்காலம்வரை ஒன்றிரண்டு கவிதை தவிர எழுதியதில்லை என்று எமிலி சொல்கிறார். அப்போதே நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார் என்கிறார்களே. அப்படியானால் பொய்தானே?

எண்ணிக்கை அளவில் உண்மையில்லை. 1858 முதலே தம் கவிதைகளைச் சுத்தப் பிரதியெடுத்துக் கட்டுகளாகத் தைத்து வந்தார். கடையில் வாங்கும்போதே இரண்டாக மடிந்து வரும் கடிதத் தாள்களில் நான்கு பக்கமும் எழுதுவார். அத்தகைய தாள்கள் சிலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் இரண்டு துளையிட்டு நூலால் கட்டுவார். இப்படி 40 கட்டுகள் அவர் இறந்தபின் கிடைத்தன. 1862 ஏப்ரலில் அவர் கையில் 300 கவிதைகள் வரை இருந்தன.

ஆனால் கடிதத்தில் அந்த வரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வயதைக் கேட்டிருந்தார்கள்; 31 என்று சொல்ல மனமில்லை. வயதுக்குப் பதிலாக வைத்த விடை அது. பழக்கமில்லாத ஒருவர் தம்மை அளக்க முற்படும்போது அளவுகோலை அவர் கையில் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார். ஜூலை கடிதத்தில் இதற்கான விதியையும் அவரே எழுதிவிட்டார்: கவிதையில் ‘நான்’ என்று வருவது நானல்ல, பாவிக்கப்பட்ட ஓர் ஆள். கடிதங்களில் வரும் மாணவிக்கும் இந்த விதி பெரிதும் பொருந்தும்.

மாணவி என்று கையெழுத்திட்டாரே தவிர, ஆசிரியர் சொன்ன திருத்தத்தைக் கவிதையில் ஏற்கவில்லை. இயைபு சரியாக அமையவில்லை என்றும் சந்தம் தடுமாறுகிறது என்றும் சொல்லப்பட்ட பிறகு அனுப்பியவற்றிலும் அதே அரைகுறை இயைபு, அதே நிறுத்தங்கள். ஜூலையில் அனுப்பிய நான்கில் வெற்றியின் இனிமை தோற்றவனுக்கே முழுதாகத் தெரியும் என்ற புகழ்பெற்ற கவிதையும் ஒன்று. அது 1859இல் எழுதியது. புதிதாகக் கற்றுக்கொண்டு எழுதியதைக் காட்டும் மாணவி மூன்று ஆண்டுப் பழைய படைப்பை அனுப்பமாட்டார். நன்றாகத் தேர்ந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்க்கிறார்.

இதனால் எல்லாமே வேடம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். செப்டம்பர் முதல் ஓர் அச்சம், யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று ஏப்ரல் 25 கடிதத்தில் எழுதுகிறார். 1869இல் ‘நீங்கள் என் உயிரைக் காத்தீர்கள், அது உங்களுக்குத் தெரியாது’ என்கிறார். இவற்றை வேடக் கணக்கில் சேர்த்தால் கடிதங்களின் வலியே காணாமல் போகும்.

கேள்வி: நாய் இறந்துவிட்டது என்று ஒரே வரியில் ஒரு கடிதம் இருக்கிறதாமே?

ஆம், 1866 ஜனவரி. கார்லோ இறந்தது என்று ஒரு வரி, கையெழுத்து, அதன்கீழ் இப்போது எனக்குக் கற்பிப்பீர்களா என்று ஒரு கேள்வி. கார்லோ அவர் தந்தை வாங்கித் தந்த நியூஃபவுண்ட்லாந்து நாய். 16 ஆண்டுகள்போலக் கூடவே இருந்தது. இங்கேயும் உறையைத் திறந்து பார்க்க வேண்டும். கூடச் சென்ற கவிதை கோடை முடிவில் புல்லுக்குள் ஒலிக்கும் பூச்சிகளின் வழிபாட்டைப் பாடுவது. இரங்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: கையெழுத்துப் பிரதியின் படங்களைப் பார்த்தேன். உரைநடையும் கவிதைபோல் சின்னச் சின்ன வரிகளாக இருக்கிறது. எது செய்யுள், எது உரை என்று எப்படிப் பிரிப்பது?

அறிஞர்களே இன்றும் வாதிடும் இடம் இது. பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலில் வலது ஓரம். வரி தாளின் விளிம்பை முட்டி, இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தால் அது வெறும் மடிப்பு. இடம் தாராளமாக இருந்தும் வரி நின்றிருந்தால் அது வேண்டுமென்றே நிறுத்தியது. இந்தச் சோதனை 1860களின் கடிதங்களில் நன்றாக வேலை செய்யும். 1880களில் எழுத்து பெரிதாகி ஒவ்வொன்றும் தனித்தனியே விலகி நிற்பதால், ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களே அடங்கும்; அப்போது எல்லாமே செய்யுளாகத் தோன்றும். நீங்கள் பார்த்த படம் பிற்காலத்தது என்றால் வரி நீளத்தை நம்பாதீர்கள்.

அடுத்தது காது. எமிலிக்குச் சிறுவயது முதல் பழகியது தேவாலயப் பாடல் சந்தம்: அசைக் கணக்கில் 8, 6, 8, 6. கடிதத்தின் ஒரு பத்தியை உரக்கப் படித்து அசைகளை எண்ணுங்கள். இந்த முறை இரண்டு சுற்றாவது திரும்பி வந்தால் அங்கே செய்யுள் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு சுற்று மட்டும் வந்தால் அதைக் கவிதையென்று அறிவிக்க வேண்டாம். அந்தச் சந்தத்தில் ஊறியவரின் உரைநடை இயல்பாகவே அப்படி விழும். கடிதங்களிலிருந்து ‘புதிய கவிதை’ கண்டெடுக்கிறவர்கள் இடறுவது இங்கேதான்.

மூன்றாவது, வேறு பிரதி. அதே வரிகள் தைத்த கட்டுகளிலோ வேறொருவருக்கு எழுதிய கடிதத்திலோ செய்யுளாக எழுதப்பட்டிருந்தால் ஐயமில்லை. 1862 ஜூன் கடிதத்தின் நடுவே வரும் செய்யுள் அப்படிப்பட்டது. சாதாரணப் பிச்சை கேட்ட கையில் ஓர் அந்நியன் ஒரு ராஜ்ஜியத்தையே வைத்ததுபோல என்ற அந்த வரிகள் ஹிக்கின்சனுக்கு நன்றி சொல்லவே பிறந்தவைபோல் பொருந்துகின்றன. ஆனால் அவை முன்பே எழுதி வைத்திருந்தவை. கவிதையைத் தேதியிட்டு வாழ்க்கைச் சம்பவத்தோடு முடிச்சுப் போடும்முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: பெரும்பாலான கடிதங்களில் எமிலி தேதி போடவில்லை என்கிறார்கள். புத்தகத்தில் மட்டும் ஆண்டு, மாதம் எல்லாம் எப்படி வந்தது?

நான்கு தடயங்களைச் சேர்த்துப் பார்த்து வந்தது. கடித உறை கிடைத்தால் அஞ்சல் முத்திரை. ஆனால் அக்கால முத்திரைகள் பலவற்றில் நாளும் மாதமும்தான் இருக்கும், ஆண்டு இராது. கடிதத்தில் வரும் சம்பவங்கள்: போர், மரணம், இதழில் வந்த கட்டுரை. தாளை ஒளியில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியும், தாளில் அழுத்திப் பதித்த பொறிப்பும். சில உற்பத்தியாளர்கள் நீர்க்குறியில் ஆண்டும் போட்டார்கள். நான்காவது கையெழுத்து. 1850களில் சாய்ந்து, கோத்து எழுதிய எழுத்து. 1860களில் நீண்டு விரியும். 1870களில் எழுத்துகள் ஒன்றையொன்று விட்டு விலகும். 1880களில் ஏறக்குறைய எல்லாம் தனித்தனி. ஹிக்கின்சன் இந்தக் கையெழுத்தை முதன்முதலில் பார்த்தபோது, ஆமர்ஸ்ட் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கும் புதைபடிவப் பறவைத் தடங்களைப் பார்த்து எழுதப் பழகியதுபோல் இருந்தது என்று பின்னாளில் எழுதினார்.

ஒவ்வொரு தடயமும் தனியாக நின்றால் ஏமாற்றும். நீர்க்குறியில் உள்ள ஆண்டு, அதற்கு முன் எழுதியிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். வாங்கிய தாளைப் பல ஆண்டு வைத்து எழுதலாம். பென்சிலில் எழுதியவை பெரும்பாலும் பிற்காலத்தவை என்பது உண்மை. ஆனால் 1864 ஜூனில் பென்சிலில் எழுதிய கடிதம் இருக்கிறது. கண் சிகிச்சைக்காகப் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் தங்கியிருந்த எமிலி, மருத்துவர் பேனாவைப் பறித்துக்கொண்டார், என் பென்சிலைப் படிக்க முடிகிறதா என்று அதிலேயே கேட்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹிக்கின்சன் காயப்பட்ட செய்தி அப்போதுதான் அவருக்கு எட்டியிருந்தது. கருவியை மட்டும் பார்த்துக் காலம் கணித்தால் இதைப் பல ஆண்டு தள்ளிப் போட நேரும்.

புத்தகத்தில் தேதி சதுர அடைப்புக்குள்ளோ ‘சுமார்’ என்ற குறிப்போடோ இருந்தால் அது பதிப்பாசிரியரின் கணிப்பு. கட்டுரை எழுதும்போது அந்தச் ‘சுமாரை’ உதிர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: எமிலியின் உண்மையான இலக்கியத் தோழி அண்ணி சூசன்தான், ஹிக்கின்சன் பெயர் வீணாகப் பெரிதாக்கப்பட்டது என்று படித்தேன். சரியா?

முதற்பாதி சரி. சூசன் கில்பர்ட் 1830 டிசம்பரில், எமிலி பிறந்து ஒன்பதே நாளில் பிறந்தவர். 1856இல் எமிலியின் அண்ணன் ஆஸ்டினை மணந்து பக்கத்து வீட்டுக்கு வந்தார். எமிலி அவருக்கு அனுப்பிய கவிதைகள் 250க்கும் மேல். ஹிக்கின்சனுக்கு அனுப்பியதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஷேக்ஸ்பியரை விட்டால் உயிரோடிருப்பவர்களில் உன்னைப்போல் எனக்கு அறிவு தந்தவர் எவருமில்லை என்று சூசனுக்கு எழுதியிருக்கிறார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கவிதைத் தொழிலில் சூசனின் பங்கை ஒரே கவிதையில் காட்டலாம். வெண்கல் அறைகளில் பத்திரமாகத் துயிலும் இறந்தோரைப் பற்றிய கவிதைக்கு எமிலி 1861இல் இரண்டாம் பத்தியை மாற்றி எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்பினார். சூசன் தமக்கு அது நிறைவாக இல்லை என்று பதில் அனுப்பினார். முதல் பத்தி தனித்தே நிற்கிறது, அதற்கு இணை வேண்டியதில்லை. அதை நினைத்தாலே நெருப்பருகே போய்க் குளிர்காய்கிறேன், ஆனால் இனி ஒருபோதும் சூடு வராது என்று எழுதினார். எமிலி இன்னொரு வடிவம் எழுதிப் பார்த்தார். பழைய வடிவம் 1862 மார்ச் 1 அன்று ‘ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்’ நாளிதழில் பெயரின்றி வெளியானது. ஆறு வாரம் கழித்து ஹிக்கின்சனுக்கான முதல் உறையில் போனது மாற்றி எழுதிய வடிவம். அவர் கைக்குப் போகும்முன் அந்தக் கவிதை ஒரு கடும் வாசகரிடம் அடிபட்டு வந்திருந்தது.

இன்னும் ஒன்று. 1870இல் ஹிக்கின்சன் நேரில் சந்தித்தபோது, கவிதை எது என்று எப்படி அறிவேன் தெரியுமா என்று எமிலி சொன்னது உலகப் புகழ் பெற்றது: படித்ததும் எந்த நெருப்பாலும் சூடேற்ற முடியாதபடி உடல் முழுதும் குளிர்ந்தால் அது கவிதை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சூசன் எழுதிய குறிப்பை இதோடு வைத்துப் படியுங்கள். அந்த இலக்கணத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இரண்டாம் பாதி சரியில்லை. சூசனோடு பேச வேலிக்கு அப்பால் ஒரு துண்டுத் தாள் போதும். ஹிக்கின்சன் வெளியுலகில் இருந்தவர், இதழ்களை அறிந்தவர், அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர். விடுதலை பெற்ற கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுக்கு 1862 நவம்பரில் கர்னலானவர். குடும்பத்துக்கு வெளியே, தம்மை முன்பின் பார்த்திராத ஒரு வாசகர் கவிதையை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது எமிலிக்கு அவரிடமிருந்துதான் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு தேவை. ஒன்றை உயர்த்த மற்றதைக் குறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: இருவரும் எத்தனை முறை சந்தித்தார்கள்?

இரண்டு முறை: 1870 ஆகஸ்ட் 16, 1873 டிசம்பர் 3. இரண்டும் ஆமர்ஸ்டில் எமிலியின் வீட்டில். பாஸ்டனுக்கு வாருங்கள் என்று ஹிக்கின்சன் அழைத்ததற்கு, தந்தையின் எல்லையைத் தாண்டி எந்த வீட்டுக்கும் ஊருக்கும் போவதில்லை என்று 1869இல் பதில் எழுதியிருந்தார்.

முதல் சந்திப்புக்கு அன்றிரவும் மறுநாளும் ஹிக்கின்சன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள்தான் நல்ல சான்று. ஜான்சன் பதிப்பில் 342 என்ற எண்ணின் கிளைகளாக அச்சாகியிருக்கின்றன. வெள்ளை ஆடை, நீலச் சால்வை, அறிமுகமாக நீட்டிய இரண்டு லில்லிப் பூக்கள், குழந்தைபோன்ற மெல்லிய மூச்சிரைக்கும் குரல் எல்லாம் அவற்றில் உண்டு. அவரைப்போல் என் நரம்பின் வலுவை உறிஞ்சியவர் வேறில்லை, அருகில் வசிக்காததில் மகிழ்ச்சி என்றும் எழுதுகிறார். இதை வெறுப்பாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் அவர் 16 ஆண்டு நட்பைத் தொடர்ந்தார், மறுபடி அந்த வீட்டுக்குப் போனார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வெளியிட வேண்டாம் என்று சொல்லி ஒரு மேதையை முடக்கியவர் ஹிக்கின்சன் என்பதே என் எண்ணம். உங்கள் கருத்து?

இந்தக் குற்றச்சாட்டு ஒரு வரியில் நிற்கிறது: தள்ளிப்போடச் சொல்கிறீர்கள், புன்னகைக்கிறேன், வெளியிடுவது மீனின் துடுப்புக்கு வானம் எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம் எனக்கு என்று எமிலி 1862 ஜூனில் எழுதியது. ஹிக்கின்சன் சொன்னது தாமதிக்க. மறுத்தவர் எமிலி. இரண்டு இதழாசிரியர்கள் அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்கே வந்து எழுத்தைக் கேட்டதையும் தாம் தராததையும் அதற்கு முந்தைய கடிதத்திலேயே சொல்லிவிட்டார்.

1876இல் ஹெலன் ஹன்ட் ஜாக்சன் என்ற எழுத்தாளத் தோழி, பெயர் போடாத தொகுப்பு ஒன்றுக்குக் கவிதை தரும்படி வற்புறுத்தினார். எமிலி ஹிக்கின்சனிடம் கேட்டது, மறுப்பதற்கு ஒரு துணைச்சீட்டு. கதை எழுதச் சொல்கிறார்கள் என்று தவறாகப் புரிந்துகொண்டு, அது உங்கள் துறையல்ல என்று ஹிக்கின்சன் எழுதினார். தப்பிய அவரது சில கடிதங்களில் இதுவும் ஒன்று. கடைசியில் 1878இல் வெற்றியைப் பற்றிய அந்தக் கவிதை பெயரின்றி வெளிவந்தது; புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் எழுதியதாக்கும் என்று பலர் எண்ணினார்கள்.

அவரை உறுதியாகக் குறை சொல்ல வேண்டிய இடம் 1890. எமிலி இறந்தபின் மேபல் லூமிஸ் டாடும் அவரும் சேர்ந்து கொண்டுவந்த முதல் தொகுப்பில் எமிலி வைக்காத தலைப்புகள் ஏறின. இயைபுக்காகச் சொற்கள் மாறின. எமிலி நிறுத்தற்குறியாகப் போட்ட கோடுகள் (—) காற்புள்ளியாகவும் அரைப்புள்ளியாகவும் ஆயின. பாதி நூற்றாண்டுக்கு மேலாக உலகம் படித்தது அந்தத் திருத்திய எமிலியை. கையெழுத்துப் பிரதிகளை ஒட்டிய முழுத் தொகுப்பு 1955இல்தான் ஜான்சன் மூலம் வந்தது. ஆனால் அந்தக் கடிதங்களையும் கவிதைகளையும் 24 ஆண்டு பத்திரப்படுத்தியவரும் ஹிக்கின்சனே. அவர் கிழித்துப் போட்டிருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலையில்லை.

கேள்வி: சில கடிதங்களைத் தமிழில் பெயர்க்க விரும்புகிறேன். அந்தக் கோடுகளை என்ன செய்வது?

விட்டுவிடாதீர்கள், முற்றுப்புள்ளியாகவும் மாற்றாதீர்கள். 1866இல் பாம்பைப் பற்றிய கவிதை ‘ரிபப்ளிகன்’ இதழில் எமிலியின் அனுமதியின்றி வெளியானது. ஹிக்கின்சனுக்கு அவர் எழுதிய புகாரில் இரண்டு குறைகள்: என்னிடமிருந்து களவாடப்பட்டது, மூன்றாம் வரி நிறுத்தற்குறியால் தோற்கடிக்கப்பட்டது. மூன்றாம் வரியும் நான்காம் வரியும் ஒன்றாக ஓட வேண்டியவை. அச்சில் மூன்றாம் வரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி வந்து விழுந்துவிட்டது. ஒரே ஒரு குறிக்காக இப்படி வருந்தியவரின் கோடுகளை நாம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் சிக்கல் எழும். ஆங்கிலத்தில் கோட்டுக்கு முன் முடிந்துவிடும் துண்டு, தமிழில் தொங்கி நிற்கும். முழு வாக்கியமாக இணைத்து எழுதினால் பொருள் வரும், மூச்சு போய்விடும். ஒவ்வொரு துண்டையும் பெயர்ச்சொல்லிலோ எச்சத்திலோ நிறுத்திக் கோடு போட்டுப் பாருங்கள்; எல்லாத் துண்டுக்கும் வினைமுற்றைத் தேட வேண்டாம். எமிலி சொற்களின் தொடக்கத்தில் போடும் ஆங்கிலப் பெரிய எழுத்து தமிழில் வராது. அதற்குப் பதிலாகத் தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ போட்டால் அவர் காட்டாத அழுத்தம் ஏறிவிடும். அதை இழப்பாகவே ஏற்றுக்கொண்டு முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடுவது மேல்.

கேள்வி: மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவது? எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே.

கடிதங்களின் முதல் தொகுப்பு 1894இல் மேபல் டாட் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. வரலாற்று மதிப்புண்டு, மேற்கோளுக்கு ஏற்றதல்ல. ஹிக்கின்சன் 1891 அக்டோபரில் ‘அட்லாண்டிக் மன்த்லி’யில் எழுதிய கட்டுரையில் கடிதங்களை அச்சிட்டிருக்கிறார், அவரது நினைவுகளுக்கு அதைப் படியுங்கள், கடித வாசகத்துக்கு அதை நம்பி நிற்க வேண்டாம். 1958இல் தாமஸ் ஜான்சனும் தியோடோரா வார்டும் வெளியிட்ட மூன்று தொகுதிகளே நீண்ட காலம் நிலையான பதிப்பாக இருந்தன. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் கடித எண்கள் பெரும்பாலும் அதனுடையவை. 2024இல் கிறிஸ்டான் மில்லரும் டோனல் மிட்செலும் ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் வழியாகப் புதிய பதிப்பு தந்துள்ளனர். தேதிகள் பல இடத்தில் மறுபடி ஆராயப்பட்டுள்ளன. கடிதமாகவே அனுப்பிய கவிதைகளும் சேர்ந்துள்ளன. எண் வரிசையும் வேறு. ஆகவே எண்ணை மட்டும் தராமல் எந்தப் பதிப்பின் எண் என்பதையும் எழுதுங்கள்.

கவிதைகளுக்கும் இதே தொல்லை உண்டு. ஜான்சனின் 1955 பதிப்பில் 1,775 கவிதைகள், ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளினின் 1998 பதிப்பில் 1,789. ஒரே கவிதைக்கு இரண்டு எண்கள். கடிதத்தோடு போன கவிதையை மேற்கோள் காட்டும்போது இன்னும் ஒரு படி கவனம் வேண்டும்: ஹிக்கின்சனுக்குப் போன வடிவமும் தைத்த கட்டில் உள்ள வடிவமும் சொல்லளவில் வேறுபடலாம். ஃபிராங்க்ளினின் மூன்று தொகுதிப் பதிப்பில் ஒவ்வொரு வடிவமும் தனித்தனியே, யாருக்கு அனுப்பியது என்ற குறிப்போடு இருக்கும். ஒரே தொகுதியாக வரும் வாசகர் பதிப்பில் இது கிடையாது. பெரும்பாலானோர் வாங்குவது அந்த ஒற்றைத் தொகுதியைத்தான். ஹிக்கின்சன் படிக்காத வடிவத்தை அவர் படித்ததாக எழுதிவிடுவது அதனால்தான் நேர்கிறது.

மூலத்தைக் கண்ணால் பார்க்க விரும்பினால், ஹிக்கின்சனுக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி பாஸ்டன் பொது நூலகத்தில் இருக்கிறது. படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சூசனிடம் இருந்தவை ஹார்வர்டின் ஹோட்டன் நூலகத்திலும், மேபல் டாட் வைத்திருந்தவை ஆமர்ஸ்ட் கல்லூரியிலும் உள்ளன.